சத்திரத்து மாடியில் ஒரு தொட்டி

18 அக்டோபர் 2024, வெள்ளி

ஒன்பதாம் வகுப்புக்கு நதிகளை வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். பாதிப் பேர் காவிரியை ஆந்திராவில் ஓடவிட்டிருந்தார்கள்.

சத்திரத்தின் முகப்புப் படம் இன்று பேப்பரில் வந்திருக்கிறது. பதினான்கு வருடம் பூட்டிக் கிடந்த கட்டடத்தை ஊர்க்காரர்களே ஒரு குழு அமைத்து மீட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். செயலாளர் லீலாவதி, ஆசிரியை என்று என் பெயரும் இருக்கிறது. மூன்று தடவை படித்தேன், வெட்கமில்லாமல்.

சாயங்காலம் அங்கே போனேன். முன்கூடத்தில் வாசகசாலை, பின்கூடத்தில் செல்வியின் தையல் வகுப்பு. முழுப்பெயர் வெற்றிச்செல்வி. காலனியிலிருந்து இருபத்திரண்டு பெண்களைத் திரட்டி வந்து, தினமும் காலை பத்தரைக்கு வகுப்பைத் தொடங்கிவிடுகிறாள்.

அரியமுத்து கொத்தனார் வந்து நின்றார். பின்கூடத்துச் சுவரில் ஈரம் ஏறுகிறதாம், மாடியில் தண்ணீர்த் தொட்டி கசிகிறதாம், இறக்கிவிடலாம் என்றார். கழிப்பறைக்காக ஜூலையில் தொட்டி வைத்தபோதே, மாடி தாங்காது, கிணற்று மேடையில் வைக்கலாம் என்று சொன்னவர் அவர். கிணறு வாசல் பக்கம். அங்கே கறுப்புத் தொட்டி உட்கார்ந்தால் முகப்பே கெட்டுப்போகும் என்று நான்தான் மாடிக்கு ஏற்றச் சொன்னேன். தீபாவளி கழியட்டும், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

29 அக்டோபர்

அரியமுத்து மறுபடி வந்தார். அதிரசப் பாகு அடுப்பில் இருந்ததால் வாசலிலேயே பேசி அனுப்பினேன்.

12 நவம்பர், செவ்வாய்

பின்கூடத்து மேல்தளம் விழுந்துவிட்டது.

காலை பத்து இருபதுக்கு. நான் வகுப்பில் இருந்தேன். ஃபோனில் அரங்கநாதன் சார், எங்கள் குழுத் தலைவர். வுழுந்துடுச்சு டீச்சர், வுழுந்துடுச்சு என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

உள்ளே செல்வி மட்டும். பத்து நிமிடம் முன்னால் வந்து மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாளாம். மற்ற பெண்கள் தெருமுனையில் வந்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டிருக்கிறது. அவர்கள்தான் கையாலேயே செங்கல்லை அள்ளி அவளை வெளியே எடுத்திருக்கிறார்கள்.

அரியலூர் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். வலது கால் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

அவள் முகம் முழுக்கச் சுண்ணாம்பு. கண் மட்டும் தெரிந்தது.

இருபத்திரண்டு பேர். பத்து நிமிஷம். என்னால் எழுத முடியவில்லை.

13 நவம்பர்

தொட்டியைக் காணோம்.

காலையில் போய்ப் பார்த்தேன். மேல்தளத்தில் பாதி அப்படியே நிற்கிறது, பாதி வானம். உத்திரம் இரண்டு ஒடிந்து தொங்குகிறது. நேராகத் தொட்டியின் கீழே இருந்த உத்திரங்கள். ஆனால் இடிபாட்டில் தொட்டி இல்லை. குழாய்கூட இல்லை. அறுத்து எடுத்திருக்கிறார்கள்.

கிணற்றுப் பக்கம் அரியமுத்து நின்றிருந்தார். கேட்டேன். அய்யா சொன்னாரு, எடுத்துட்டேன் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அய்யா என்றால் அரங்கநாதன் சார். அவருடைய ரைஸ்மில்லுக்குப் போனேன். அரங்கநாதன் சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "போலீசு வந்து பாக்குறதுக்குள்ள அப்புறப்படுத்திட்டேன். ஒங்களுக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கு. பழைய கட்டடம், மழைக்கு வுழுந்துச்சு. அவ்வளவுதாம்மா."

எனக்காகச் செய்திருக்கிறார். நான் கேட்காமலே. நான் என்ன சொன்னேன்? ஒன்றுமே சொல்லவில்லையே. தலையை ஆட்டினேனா? ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

14 நவம்பர்

பேப்பரில் 'பழமையான கட்டடம் இடிந்தது' என்று போட்டிருக்கிறது. மறுபடியும் அதே முகப்புப் படம்.

16 நவம்பர், சனி

குழுக் கூட்டம். மழையில் ஆரம்பித்த பேச்சு மிஷினில் போய் நின்றது. பதினொரு தையல் மிஷின் ஒன்றாக ஓடினால் அந்தக் காலத்துக் கட்டடம் எப்படித் தாங்கும் என்று ஒருவர் கேட்டார். யாரை உள்ளே விடுவது என்று முதலிலேயே ஒரு வரைமுறை வைத்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அந்த 'யாரை' யாரென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மறுக்கவில்லை. நானும்தான்.

முடிவு: சத்திரத்தை முழுதாக இடித்துவிட அனுமதி கேட்டு மனு. அரங்கநாதன் சாருக்கு இடிக்கும் ஆசையெல்லாம் இல்லை, பயம். "இன்னொரு தடவ வுழுந்து யாராச்சும் செத்தா யாரு பதில் சொல்றது?" என்றார்.

மனுவில் செயலாளர் கையெழுத்து வேண்டும். புதன்கிழமை போடுகிறேன் என்றேன்.

17 நவம்பர், ஞாயிறு

செல்வியைப் பார்த்தேன். காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். நான் உட்காருவதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"நாந்தான் டீச்சர், வெளிச்சம் வரும்னு ரெண்டு மிஷின தூணுகிட்ட நகத்திப் போட்டேன். அதுலதான் வுழுந்துச்சுன்னு பேசிக்கிறாங்க. அந்தப் புள்ளைங்க மேல வுழுந்திருந்தா நான் என்னத்த சொல்லியிருப்பேன்?"

மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம்!

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து, தட்டில் வைத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன். என்ன ஜென்மம் நான்?

18 நவம்பர்

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். "அரியமுத்து ரெண்டு தடவ வந்து சொல்லியிருக்காரு. வாசல்லயே நிக்க வச்சு அனுப்பியிருக்க" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

19 நவம்பர், செவ்வாய்

செல்வியிடம் சொல்லிவிட்டேன். மிஷின் இல்லை, தொட்டி. நான் வைக்கச் சொன்ன தொட்டி. கசியுதுன்னு தெரிஞ்சும் தள்ளிப்போட்டேன். அதை எடுத்து மறைச்சதும் தெரிஞ்சு, ஆறு நாளா வாயைத் தொறக்கல.

அவள் அழவில்லை. பிளேட் வைத்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் ஒண்ணும் பண்ணலல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டாள். இல்லை என்றேன்.

பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போங்க டீச்சர்."

20 நவம்பர், புதன்

மனுவில் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை இரண்டு பக்கம் எழுதி, கூட்டத்தில் நின்று படித்தேன். தொட்டியை அப்புறப்படுத்தியது தெரிந்தும் நான் மறைத்தேன் என்பதையும் சேர்த்து. நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். ஒரு பிரதியை நேராக ஸ்டேஷனில் கொடுத்தேன்.

அரங்கநாதன் சார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "என்னையும் சேத்து மாட்டி வுட்டுட்டீங்களே."



9 டிசம்பர், திங்கள்

என் மேலும் அரங்கநாதன் சார் மேலும் வழக்கு. பள்ளியில் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள், நீக்கத்தான் வேண்டும்.

திருச்சியிலிருந்து சிந்து என்ற இன்ஜினியரை வரவழைத்திருந்தார்கள். சின்னப் பெண். மூன்று நாள் ஒவ்வொரு உத்திரமாகத் தட்டிப் பார்த்தாளாம். கெட்டுப்போனது தொட்டிக்குக் கீழே இருந்த இரண்டு மட்டும்தான், சுவரும் மற்ற உத்திரங்களும் உறுதியாக இருக்கின்றன, இடிக்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை. இதைப் படித்தபோதுதான் அழுகை வந்தது. விழுந்த அன்றுகூட நான் அழவில்லை.

2 மார்ச் 2025

அரங்கநாதன் சார் மில்லில் பழைய ஷெட்டைப் பிரித்து, தேக்கு உத்திரங்களைச் சத்திரத்துக்கு அனுப்பினாராம். அரியமுத்து சொன்னார். என்னோடு சார் இன்னும் பேசுவதில்லை.

6 ஜூலை 2025, ஞாயிறு

பின்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. செல்வியைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள், சாவி அவளிடம். நான் இதுவரை போகவில்லை. கடைக்குப் போகும்போது அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

நேற்று நல்ல மழை. இன்று காலை கால்கள் எப்படியோ அங்கே போய்விட்டன. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். மிஷின் சத்தம் கேட்டது. செல்வி கம்பை ஊன்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். பேசி ஏழு மாதம் ஆகிறது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

"சும்மாத்தான நிக்கிறீங்க? மாடியில மழத்தண்ணி போற ஓட்டைல எல அடச்சிருக்கும். என்னால படி ஏற முடியாது. போய்ப் பாருங்க."

ஏறினேன். மூலையில் வேப்பிலையும் சருகும் அடைத்து, கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கையை விட்டு அள்ளிப் போட்டேன். குபுகுபுவென்று இறங்க ஆரம்பித்தது.

"போவுதா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"போவுது."

"முழுசாப் போற வரைக்கும் நில்லுங்க."

நின்றேன்.