அந்த வரிக்கு உரிய கேக்

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

நலமா? போனை எடுத்தால் நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் உன் மாமாவின் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். ஒரு வக்கீல் சொந்தமாக அலுவலகம் கட்டித் திறக்கிறார். பல வருஷம் இழுத்த கட்டடம். இரண்டு கிலோ சாக்லேட் கேக் கேட்டிருக்கிறார். "மேடம், வெறும் வாழ்த்துகள்னு போட்டுடாதீங்க. இங்கிலீஷ்ல கொஞ்சம் கெத்தா இருக்கணும்" என்கிறார். எனக்குத் தெரிந்த கெத்து 'ஹேப்பி'யோடு முடிந்துவிடும். கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற தங்கையை வைத்துக்கொண்டு நான் எதற்கு மூளையைக் கசக்க வேண்டும்? சின்ன வரியாக அனுப்பு. க்ரீம் கோனைப் பிழிந்து பிழிந்தே என் மணிக்கட்டு போய்விட்டது.

உன் அந்த விஷயம் என்ன ஆயிற்று? கேட்கக் கூடாதென்றால் கேட்கவில்லை.

அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

'கம் டு ஃப்ரூயிஷன்' என்று ஒரு பிரயோகம் உண்டு. போட்ட திட்டமும் பட்ட பாடும் கடைசியில் கைகூடியது என்று அர்த்தம். வக்கீலுக்குப் பொருந்தும். ஒன்றை மட்டும் கவனி. தானாக மடியில் விழுந்ததற்கு இதைச் சொல்வதில்லை. அலைந்து, காத்திருந்து கிடைத்ததற்குத்தான். முழு வரியையும் பெரிய எழுத்தில் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. வீட்டைப் பார்க்க ஓர் அம்மாள் வந்தார். குளியலறைத் தாழ்ப்பாள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வரை பார்த்தார்; குழந்தைக்கு எட்டும்படி அதை இறக்கிவைத்துவிட்டோம். போகும்போது, "சொந்தத்துல யாரு குழந்தைய ஏத்துப்பாங்க?" என்று கேட்டார். இவர் சட்டென்று, "இவ அக்கா இருக்காங்க" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரோ பெத்த புள்ள நமக்கு எப்படிடி ஒட்டும்?" என்று போன வருஷம் நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கோபமில்லை அக்கா. ஒரு குழந்தைக்கு நாங்கள் இருவர் மட்டுமே சொந்தம் என்றால் போதுமா என்றுதான் யோசிக்கிறேன்.

தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. உட்கார்ந்தேன், எழுந்துபோய்விட்டேன்.

வக்கீல் அந்த வரியை வெட்ட மனசில்லாமல் ஓரமாகவே வெட்டிக்கொண்டு வந்தாராம். அதில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. புது வீடு, பதவி உயர்வு என்று எல்லாவற்றுக்கும் அதையே பிழிந்தேன். நேற்று ஒரு முதல் பிறந்தநாள் கேக்கிலும் போட்டேன். அம்மாக்காரி பெட்டியைத் திறந்து படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அக்கா, இவன் வந்ததே எங்க பிளான்ல கிடையாது. மாமியாருக்கு வேற இங்கிலீஷ் தெரியும். வழிச்சுக் குடுத்துடுங்க, ப்ளீஸ்." அதற்குள் அவள் இடுப்பிலிருந்த பயல் கையை விட்டுப் பாதி வரியைத் தின்றுவிட்டான்.

அவள் போன பிறகு கத்தியில் ஒட்டிய க்ரீமோடு அப்படியே நின்றேன். என் பிள்ளைகள் இரண்டும்கூட அப்படி வந்தவைதான். நான் என்ன திட்டம் போட்டேன்? எந்த அம்மாள் வந்து என் வீட்டுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள்? நீ மட்டும் தாழ்ப்பாளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

ஓவன் மணி அடிக்கிறது.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

அழைப்பு வந்துவிட்டது. பெண் குழந்தை, நான்கு வயது. இரண்டு முறை போய்ப் பார்த்தோம். என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடுவதுதான் அவள் வேலை. இம்மாதம் இருபதாம் தேதி வீட்டுக்கு அழைத்து வருகிறோம்.

எங்கள் முகங்கள் அவளுக்குப் பழக ஒரு போட்டோ ஆல்பம் கொடுத்திருந்தோம். முகத்தில் மாவோடு நீ நிற்கும் படத்தில் விரலை வைத்து, "இது யாரு?" என்றாள். இவர், "உன் பெரியம்மா. கேக் செய்வாங்க" என்று சொல்லிவிட்டார். மறுமுறை போனபோது அவளே அந்தப் பக்கத்தைத் திருப்பி, "கேக் பெரியம்மா" என்றாள்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். வா என்று வற்புறுத்தவில்லை. அவள் கேட்டால் என்ன சொல்லட்டும் என்று மட்டும் எழுது.

தங்கை

ஏப்ரல் 8

அன்புத் தங்கைக்கு,

பத்தொன்பதாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். "உனக்கு மட்டும்தான் டிக்கெட்டா?" என்று உன் மாமா முறைத்தார். அவருக்கும் போட்டாயிற்று.

கேக்கை உன் வீட்டில்தான் செய்யப்போகிறேன், பஸ்ஸில் குலுங்கிவிடும். துணி மடித்து வைத்திருக்கும் அந்த ஓவனை முதலில் காலி செய். இரண்டு கேக். பெரியது உங்கள் இருவருக்கும். அதில் அந்த இங்கிலீஷ் வரியை எழுதப்போகிறேன், இந்த முறை சரியான இடத்தில். சின்னதில் ஒன்றும் எழுத மாட்டேன். கோனை அவள் கையில் கொடுத்துவிடுவேன், இஷ்டத்துக்குக் கிறுக்கட்டும்.

போன வருஷம் நான் பேசியதை மறந்துவிடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்த அம்மாள் மறுபடி வந்தால் தரையைப் பார்க்காதே. ஆல்பத்தைக் காட்டு.

அவளுக்குச் சாக்லேட் பிடிக்குமா, வெனிலாவா? கேட்டு எழுது.

பெரியம்மா