பன்னிரண்டு பழங்களில் மூன்று

டிசம்பர் 27. இந்தோனேசியா, சமரிந்தாவுக்கு வெளியே, நங்கூரத்தில்

மூன்றாம் கிரேன் மறுபடி படுத்துவிட்டது. நிலக்கரி ஏற்றி முடிக்க இன்னும் மூன்று நாளாகும். மேல்தளமெல்லாம் கரி. என் காதுக்குள்ளும் கரி.

நங்கூரத்தில் நிற்கும்போது ஒரு எலும்புத் துண்டைக்கூடக் கடலில் போட முடியாது. எல்லாம் பின்தளத்துப் பீப்பாய்களில் சேர்கிறது. பிளாஸ்டிக் தனி, சாப்பாட்டு மிச்சம் தனி, காகிதமும் கந்தலும் தனி. இவற்றுக்கெல்லாம் நான் பொறுப்பு. கப்பலில் ஏறிய அன்றே, "தேர்ட் ஆபீசர்தானே, குப்பைப் புத்தகத்த நீயே எழுது" என்று தலையில் கட்டினார்கள். தண்டனையாக நினைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். எனக்கு என்னவோ பிடித்துப்போய்விட்டது.

இருபத்தொரு பேர் வாயைத் திறந்து சொல்லாததெல்லாம் அந்தப் பீப்பாய்களில் கிடக்கிறது. செகண்ட் இன்ஜினியரின் கப் நூடுல்ஸ் திங்கட்கிழமையோடு நின்றுபோனது. ஏன்? ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்குமோ? காகிதப் பீப்பாயில் இன்று நாலாகக் கிழித்த திருமண நாள் வாழ்த்து அட்டை. உள்ளே ஒன்றும் எழுதவில்லை. எழுதிவிட்டுக் கிழிப்பவரைப் புரிந்துகொள்ளலாம். எழுதாமலே கிழிப்பவருக்கு என்ன கோபம்?

என்னைக் குப்பைக் கலெக்டர் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

செகண்ட் ஆபீசர் ஜனவரி கடைசியில் இறங்குகிறார். அந்த இடம் எனக்கு வரவேண்டும். நான்கு வருடமாகத் தேர்டாகவே இருக்கிறேன். கேப்டன் எவாரிஸ்தோ நேற்று பட்டும் படாமலும் சொன்னார்: "வருஷம் பொறந்ததும் உன்னப் பத்தி நல்லபடியா எழுதி அனுப்பறேன். அதுவரைக்கும் எதுலயும் மாட்டிக்காம இரு, அது போதும்."

டிசம்பர் 29

சமையல்காரரை மேயர் என்று கூப்பிடும் வழக்கத்தை எங்கள் மாலுமிகளில் யார் தொடங்கி வைத்தாரோ தெரியவில்லை. எங்கள் மேயர் அபோலோனியோவுக்கு ஆள்வதற்கு ஒரு சமையலறையும், பரிமாறும் சாண்டோ அண்ணனும்தான் உண்டு. இன்று காலை அவர் கயிற்றேணியின் மேல்முனையில் நின்றுகொண்டு, கீழே படகில் காய்கறி விற்க வந்தவனிடம் கை ஜாடையில் உருண்டை உருண்டையாக வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மேயர், பந்து வாங்கறீங்களா?"

"பழம் மேடம், பழம். வருஷப் பொறப்புக்குப் பன்னெண்டு வகை வேணும். எல்லாம் உருண்டையா இருக்கணும். மாசத்துக்கு ஒன்னு. ஒன்னு கொறஞ்சா அந்த மாசம் வயித்துல ஈரத்துணிதான்."

"ஒன்பது இருந்தா மூணு மாசம் லீவுன்னு வெச்சுக்கலாமே."

அவர் சிரிக்கவில்லை. ஐம்பத்தேழு வயது. ரத்த அழுத்தம் என்று மருத்துவர் கையெழுத்துப் போட மறுத்து, இரண்டு வருடம் கரையில் கிடந்தவர். மணிலாவில் ஏஜென்சி வாசல் பெஞ்சில் தினமும் உட்கார்ந்து தேய்ந்த கதையை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். போன வருடப் பிறப்புக்கு மனைவி எப்படியோ பன்னிரண்டும் தேற்றி மேசையில் வைத்தாளாம். பிப்ரவரியில் இந்தக் கப்பல் கிடைத்ததாம். அவரிடம் போய் நான் கணக்குப் பேசியிருக்கக் கூடாது.

டிசம்பர் 31. செலிபிஸ் கடல்

நேற்று பிலிப்பைன்ஸின் படாங்காஸ் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டோம். மேசை தயார். மேயர் வாழையிலை விரித்து நடுவில் பெரிய தொட்டியில் பழங்களைக் குவித்திருக்கிறார். எண்ணாமல் இருக்க முடியுமா என்னால்? ஆப்பிள், ஆரஞ்சு, பம்பளிமாஸ், தர்ப்பூசணி, முலாம்பழம், திராட்சை, கொய்யா, மங்குஸ்தான், லாங்கன். ஒன்பது. அப்புறம் ஒரு மாதுளை, ஒரு பிளம், ஒரு பீச். ஆக மொத்தம் பன்னிரண்டு!

சமரிந்தா படகுக்காரனிடம் பீச் பழம் எப்படி வந்தது? மேயரிடம் கேட்டேன்.

"கேள்வி கேட்டா அதிர்ஷ்டம் ஓடிடும். போய் ராசிக்கு உருண்டைப் புள்ளிச் சட்டை போட்டுட்டு வாங்க மேடம்."

எல்லாவற்றின் மேலும் சர்க்கரைப் பாகு தடவிப் பளபளவென்று வைத்திருக்கிறார். அந்தப் பீச்சை நாளைக்கு எப்படியாவது கைப்பற்ற வேண்டும். வாழ்க்கையில் இரண்டே தடவைதான் தின்றிருக்கிறேன்.

ஜனவரி 1

புத்தாண்டு. நேரத்தோடு எழவில்லை. ஓடிப்போய் எட்டு மணிக் காவலைப் பிடித்தேன். 11.20க்குச் சாப்பாட்டு மிச்சம் எறிய அனுமதி கொடுத்தேன். கரையிலிருந்து நாற்பது மைல். கடல் அமைதி. ஏப்பமெல்லாம் பன்றி வறுவல் வாசனை.

அதே நாள், பிற்பகல்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

காவல் முடிந்து பீச்சைத் தேடிக் கீழே போனேன். தொட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "ஈ மொய்ச்சுது மேடம், பாகெல்லாம் ஒழுகி நாறிப்போச்சு. அடியில கெடந்ததோட சேத்து எறிஞ்சுட்டேன். உங்ககிட்ட ஃபோன்ல கேட்டேனே?" என்றார் சாண்டோ அண்ணன்.

கேட்டார். நான் சரி என்றேன்.

"பீச்சையுமா எறிஞ்சீங்க? மேயர், நீங்களாவது எனக்கு எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?"

அப்போதுதான் தூங்கி எழுந்து வந்திருந்த மேயர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "மேடம்," என்றார், "அது பழமே இல்ல."

கேப்டனின் வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் பழத் தட்டு. ஒன்பதுதான் கிடைத்தது என்பதால் அதிலிருந்து மூன்றை எடுத்துப் பாகு தடவி நடுவில் செருகிவிட்டார். காலையில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாராம். தூங்கிவிட்டார்.

சாப்பாட்டு மிச்சம் என்றால் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் போடலாம். பிளாஸ்டிக் எந்தக் கடலிலும், எத்தனை மைலிலும் கூடாது. ஒரு பொட்டலத்தின் மூலைகூட. இது இந்தக் கப்பலில் பூனைக்கும் தெரியும். தினமும் காவலுக்கு முன்னால் பின்தளத்துக்குப் போய் ஒவ்வொரு தொட்டியிலும் கையை விட்டுப் பார்ப்பவள் நான். இருபத்தொரு பேரின் எச்சிலையும் துருவித் துருவிப் பார்ப்பவள். இன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. பார்க்காமலே எழுதியும் விட்டேன்: உணவுக் கழிவு, 0.02 கன மீட்டர், என் கையெழுத்து.

ஜனவரி 2. சூலு கடல்

காலையில் கேப்டனிடம் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு.

"அதான் தட்டுல ரெண்டே பழம் கெடந்துச்சா? எவனோ கடிச்சுப் பாத்துட்டு வெக்கப்பட்டு மறைச்சுட்டான்னு நெனச்சேன்."

"புத்தகத்துல எழுதணும் சார். தவறி விழுந்தாலும் எழுதணும்."

சிரிப்பு நின்றது. "எழுதினா நான் கம்பெனிக்குச் சொல்லணும். போன வருஷம் வேற கப்பல்ல ஒரு பை பிளாஸ்டிக் கடல்ல போச்சுன்னு சமையல்காரன இறக்கி விட்டாங்க. திரும்பக் கூப்பிடவே இல்ல. நம்ம மேயருக்கு இந்த வயசுல இன்னொரு கப்பல் கெடைக்கும்னு நெனைக்கிறியா?"

"இல்ல சார்."

"மூணு பழம். கடல் செத்துடாது." பேனாவை மூடி வைத்தார். "நீ எழுதினா நான் கையெழுத்துப் போடுவேன். மாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா படாங்காஸ் போறதுக்குள்ள நல்லா யோசி."

யோசிக்கிறேன். யோசிப்பதற்குப் பதிலாக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வேறெதையோ செய்துகொண்டிருந்தேன். உள்ளே காலியான பழம், மிதக்கும். மின்டனாவோ தீவின் கீழாக வரும் நீரோட்டம் செலிபிஸ் கடலில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மக்காசார் பக்கம் இறங்குகிறது. மற்றொன்று வளைந்து மறுபடி பசிபிக்குக்கே போகிறது. மூன்றும் ஒன்றாகப் போகுமா, பிரியுமா? பாகு கரைய எவ்வளவு நேரம்? கரைந்த பிறகு சாயம் எத்தனை வருடம்? ஆமை நிறம் பார்க்குமா? மாதுளை என்று நம்பி எது கடிக்கும்? பேனா முனையால் இரண்டு வழியையும் கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு கோடு ஜாவா வரை போயிற்று.

எவனும் பார்க்காத இடத்தில் நான் ஒரு பொய்யை மிதக்க விட்டிருக்கிறேன் என்பது மட்டும் எல்லாக் கோட்டிலும் ஒன்றாகவே இருந்தது.

ஜனவரி 3

மேயர் இன்று சினிகாங் புளிச்சாற்றில் புளிப்பே போடவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

மதியம் என்னைத் தனியாகப் பிடித்தார். கெஞ்சுவார் என்று பயந்தேன். "எழுதுங்க மேடம். எழுதாம விட்டு நாளைக்கு சாண்டோ குடிச்சுட்டு எங்கயாவது ஒளறினா உங்க லைசென்ஸே போயிடும். எனக்கென்ன, பெஞ்சு பழகிப்போன எடந்தான்."

பெஞ்சு பழகிப்போன இடமாம்.

எழுதாமல் விட்டால் அவர் பிழைப்பார்; புத்தகம் பொய்யாகும். எழுதினால் அவர் போய்விடுவார். நானா போய் பிளாஸ்டிக்கை மேசையில வைக்கச் சொன்னேன்? எனக்கு ஏன்டா இந்த வேலை? குப்பையைக் குப்பைன்னு விட்டுட்டுத் தொலைஞ்சிருக்கக் கூடாதா?

ஜனவரி 4. படாங்காஸ் வெளியே, வரிசையில்

காலையில் பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு கேள்வி வந்தது. ஒரு பொருள் எந்த நிமிடத்தில் குப்பையாகிறது?

கேப்டனின் வரவேற்பறையில் இருந்தவரை அது அலங்காரம். மேயர் மேசையில் வைத்தபோதும் அலங்காரம்தான். மேசையில் பிளாஸ்டிக் பழம் வைக்கக்கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. சாண்டோ அண்ணன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போட்டுவிடவில்லை, போடலாமா என்று கேட்டார். வழக்கமும் அதுதான்: பார்க்க வேண்டியவள் ஒருத்தி, சொல்ல வேண்டியவள் ஒருத்தி. இரண்டும் நானே. "சரி" என்று நான் சொன்ன நொடியில்தான் அந்த மூன்றும் குப்பையாயின, அதுவும் கடலில்.

இது மேயரைக் காப்பாற்றச் செய்யும் தந்திரமா என்று என்னையே நாலு முறை கேட்டுக்கொண்டேன். அவரைக் காப்பாற்ற ஆசை இருக்கிறது. ஆனாலும் இது நிஜம். நிஜம் யாருக்காவது உதவிவிட்டால் பொய்யாகிவிடுமா என்ன?

மத்தியானம் எழுதினேன். "ஜனவரி 1, 11.20. உணவுக் கழிவுடன் மூன்று பிளாஸ்டிக் அலங்காரப் பழங்கள் (மாதுளை, பிளம், பீச்) தவறுதலாகக் கடலில் போயின. காரணம்: அனுமதி கொடுத்த அதிகாரி தொட்டியைப் பார்க்கவில்லை." கீழே என் முழுப் பெயர்.

கேப்டன் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"இதோட நான் உன்னப் பத்தி என்ன எழுதினாலும் கம்பெனிக்காரன் படிக்க மாட்டான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்குப் போகும் அறிக்கையையும் என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார். இதே வாசகம்தான், ஒரு எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஜனவரி 6. படாங்காஸ்

துறைமுகச் சோதனை. ஒல்லியான மனிதர், கையில் தெர்மாஸ். குப்பைப் புத்தகத்தை விரல் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மாதுளையா?"

"ஆமா சார். பன்னெண்டு தேறல."

உதட்டை மடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. "நீங்க எழுதலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். கப்பலை நிறுத்தவில்லை. போகும்போது, அந்தத் தட்டில் மிச்சமிருக்கும் பழங்களைக் கரைக்கு அனுப்பிவிடும்படி மட்டும் சொன்னார். ஒரு ஆப்பிள், ஒரு எலுமிச்சை. பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டுப் புத்தகத்தில் ஏற்றினேன்.

ஜனவரி 18

கடிதம் வந்துவிட்டது. எனக்குக் கண்டிப்பு. பதவி உயர்வு ஒரு வருடம் கழித்து "மீண்டும் பரிசீலிக்கப்படும்". மேயர் பெயர் எங்கேயும் இல்லை.

போச்சு. நாலு வருஷம் அஞ்சாச்சு. நீயே உன் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேடீ. யார் கேட்டா உன்னை? — அழுதேன். நீண்ட நேரம் அழ முடியவில்லை. எட்டு மணிக்குக் காவல்.

ஜனவரி 25

மேயருக்கு அடுத்த ஒப்பந்தத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறதாம். சாண்டோ அண்ணன்தான் ஓடிவந்து சொன்னார். சமையலறையில் பாட்டுச் சத்தம். நான் அந்தப் பக்கம் போகவில்லை. சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம். வயிற்றெரிச்சல் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது.

பிப்ரவரி 2. மக்காசார் நீரிணை

புது செகண்ட் ஆபீசர் ரெய்முண்டோ. என்னைவிட மூன்று வயது இளையவர். நல்ல பையன்தான், அதுதான் கஷ்டமாக இருக்கிறது. இன்று என் காவலில் வரைபடங்களைத் திருத்த வந்து உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணிக்கு பிரிட்ஜ் கதவு திறந்தது. மேயர். இரண்டு கையாலும் சாப்பாட்டு மிச்சத் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு இரைக்க நின்றார். சமையலறையிலிருந்து ஐந்து மாடி. எங்கள் கப்பலில் லிஃப்ட் கிடையாது.

ரெய்முண்டோ மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன வழக்கம் மேயர் இது? இங்கயா கொண்டு வருவாங்க?"

"இனிமே இங்கதான் சார். தினமும்."

"மேயர்," என்றேன், "உங்க பிரஷருக்கு இது தேவையா? நான் கீழ வந்து பாத்துக்கறேன். இல்லேன்னா சாண்டோ அண்ணன்கிட்டக் குடுத்து விடுங்க."

"நேத்துதான் கேப்டன் அந்தப் பக்கத்தப் படிச்சுக் காட்டினாரு." அவர் என்னைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்துச் சொன்னார். "எம்பேர எங்க தேடியும் காணோமே மேடம்."

வெளியே பக்கத்துத் தளத்துக்குப் போய்த் தொட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன். கையுறை மாட்டிக்கொண்டு அடிவரைக்கும் துழாவினேன். மீன் முள், சோறு, முருங்கைக் காம்பு, முட்டை ஓடு. மேயர் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடலாம்," என்றேன்.