பனிக்குள் குரைத்த கரை

நேற்று மழைக்கு ஒரு தெருநாய் எங்கள் வாசலில் ஒதுங்கி உடம்பை உதறியது. அந்த ஈரநாற்றம் மூக்கில் ஏறியதும், மாமு, நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. "அப்பா, இது ஓநாய் வம்சமாம், டீச்சர் சொன்னாங்க" என்றாள் பெரியவள். எதிர்வீட்டுச் சேவலுக்குப் பயந்து வாலைச் சுருட்டிக்கொண்டிருந்த அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் தொட்டிலில் கிடந்த காலம் அது. எண்ணூரில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி எழும்பியிருக்கவில்லை. நான் எட்டாவது தேறியவன், திருவொற்றியூர் கம்பெனியில் ஃபிட்டருக்குக் கையாள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று திரிந்தேன். நானே மீன் பிடித்து வருகிறேன் என்று மனைவியிடம் சவடால் விட்டு, முகத்துவாரக்குப்பத்தில் சிநேகிதன் உன் கட்டுமரத்தில் ஏறினேன். நான் உனக்கு மாமு, நீ எனக்கு மாமு. மீன் பிடித்தது நீ. நான் வாந்தி எடுத்தேன்.

விடியும் நேரத்தில் பனி இறங்கியது. கரை போயிற்று, வானம் போயிற்று, முன்னால் நின்ற நீயே பாதிதான் தெரிந்தாய். முகத்துவாரத்துக்கு இரண்டு பக்கமும் மணல்திட்டு. அங்கே உடையும் அலையில் மாட்டினால் மரம் கவிழ்ந்துவிடும் என்று நீதான் சொல்லியிருந்தாய். எனக்கு நீச்சல் தெரியாது. கண்ணில் தொட்டில்தான் ஆடியது.

அப்போது கம்பெனிச் சங்கு ஊதியது. எனக்கு உயிர் வந்தது. அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்குச் சாப்பிட்டுப் பழகியவன் நான். அந்தப் பக்கம் தள்ளு என்றேன். நீ துடுப்பால் மரத்தைத் தட்டினாய். மறுபடி தட்டினாய். நான் நடுக்கடல் என்று நினைத்திருந்த பக்கத்திலிருந்து ஒரு நாய் குரைத்தது.

"சங்கு எல்லாப் பக்கமும் கேக்குது மாமு. அவ ஒரு பக்கந்தான் கேக்குறா" என்றாய்.

"நாய நம்பியா போறது? எனக்குக் கொயந்த கீதுடா."

"எனக்கு மட்டும் வூட்ல இன்னா, கருவாடா கீது? குந்து."

நீ தட்டினாய், அது குரைத்தது. இரண்டு பக்கமும் அலை இடிந்து விழும் சத்தம். நடுவில் அந்தக் குரல் மட்டும் இடம் மாறாமல் நின்றது. மரம் மணலில் முட்டியபோது, உன் செம்பட்டை நாய் கழுத்தளவு தண்ணீரில் நின்று இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது. முதல் மீனை அதற்குப் போட்டாய். யார் பழக்கியது என்று கேட்டேன்.

யாரும் பழக்கவில்லை என்றாய். உங்கள் குப்பத்தில் நாய் குட்டி போட்டால், மரம் திரும்பும்போது தண்ணீரோரம் ஓடிக் குரைக்கிற குட்டியை வைத்துக்கொள்வீர்களாம். மணலில் படுத்துத் தூங்குவதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவீர்களாம். உன் அப்பாவும் அப்படித்தான், அவர் அப்பாவும் அப்படித்தான். "இவ அம்மா இவள மாரியே. அவ ஆயா அத்தவிட மேல" என்றாய்.

ஓநாய், சிதறிய தன் கூட்டத்தை ஊளையிட்டுச் சேர்க்கும் மிருகமாம். ஏதோ ஒரு காட்டில், குளிரில், நெருப்புக்குப் பக்கத்தில் வந்த குட்டிகளில் கடிக்காத ஒன்றை எவனோ வைத்துக்கொண்டான். அவன் பிள்ளை, கூப்பிட்டால் வருகிற ஒன்றை. இப்படிப் பேர் தெரியாத எத்தனையோ பேர் குட்டி குட்டியாகப் பொறுக்கி, அந்த ஊளையை உங்கள் கரைவரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு இரும்புத் துண்டை அளவுக்கு அராவுவதற்குள் நான் வாங்கும் திட்டு உனக்குத் தெரியும். கோரைப்பல்லுள்ள ஓர் உயிரை, அரமும் சுத்தியும் இல்லாமல், ஒரு வாய் மீனை வைத்தே செய்துவிட்டீர்கள். நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது. தன் கூட்டத்தில் நம்மையும் சேர்த்துக்கொள்ள அதற்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு நான் கடலில் இறங்கவில்லை. விடியற்காலையில் எங்கள் தெருவில் நாய் குரைத்தால் மனைவி கல்லைத் தேடுகிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். குரைக்கட்டும், எவனோ வீட்டுக்கு வந்துகொண்டிருப்பான்.