கிணறு இருந்த பக்கம்

ஆரணி, 12.8.1983

அன்புள்ள அப்பாவுக்கு,

பகவதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் வங்கியில் கனகவதி மேடம்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒரு நெசவாளர் வீட்டின்பேரில் கடன் கேட்டார். வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஏதுமில்லை. எனக்கு அதுவே போதும். மேடமோ சான்றோடு அந்த வீட்டுக்கே என்னை அழைத்துப்போய், அதில் எழுதியிருந்த நாலு பக்க எல்லைகளையும் வாசலில் நின்று சத்தமாகப் படித்தார்.

"வடக்கால கிணறுன்னு போட்டிருக்காங்க. கிணறு தெற்காலல்ல இருக்குது! பக்கத்து வீட்டுக்குல்ல சான்று வாங்கிகினு வந்துட்டோம்!"

விட்டிருந்தால் பக்கத்து வீட்டையே அடமானம் எழுதியிருப்போம். நெசவாளர்கூடச் சிரித்துவிட்டார்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள், புதிது வேண்டாம். நேற்று என் அறைக்கும் நாலு எல்லை எழுதிப் பார்த்தேன். கிழக்கே பஸ் ஸ்டாண்டு. மற்ற மூன்று பக்கமும் யாரென்று இன்னும் தெரியவில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

பகவதி