பலகைத் தரையில் இரண்டு மிதி

அன்பு மகளுக்கு,

சொல்லலாம், தாராளமாகச் சொல். திங்கட்கிழமை புதிய நர்ஸுகள் முன்னால் நீ பேச நிற்கும்போது பெரிய டாக்டரும் உட்கார்ந்திருப்பார் என்று எழுதியிருக்கிறாய், இருக்கட்டும். காது கேளாத பெரியவரை அடிவாங்காமல் எழுப்ப எங்கே கற்றாய் என்று கேட்டால், எங்கள் வீட்டு நாயிடம் என்றே சொல். புத்தகத்தில் படித்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. துரை பாவம்.

நலம் கேட்காமலே தொடங்கிவிட்டேன். நானும் அப்பாவும் சுகம். துரையும் சுகம், பதினைந்து வயதுக்கு எவ்வளவு சுகமோ அவ்வளவு. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தொட்டு எழுப்பியவர்களையெல்லாம் அடித்த மனிதர். நீ கட்டிலின் கால்மாட்டில் உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்திவிட்டு, அவர் கண்ணில் படும் இடத்தில் நின்று காத்திருந்தாய். அவர் கை ஓங்கவில்லை. அந்த இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டுத் துரையைப் பார்த்தேன்.

கூப்பிட்டால் திரும்பாத குட்டி. "ஏன்னு கேக்குதா பாரு, பெரிய துரை" என்று அப்பா வைத்த பெயர்தான் அது. ஒரு மாதம் அதன் திமிரைத் திட்டினோம். உனக்கு அப்போது ஏழு வயது. அதுக்குக் காது கேக்கலம்மா, திட்டாதம்மா என்றாய். நாங்கள் சிரித்தோம். நீ ஆத்திரத்தில் காலை ஓங்கித் தரையில் மிதித்தாய். பலகை அதிர்ந்தது. துரை திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து நம் வீட்டில் யார் எந்த அறைக்குள் போனாலும் இரண்டு மிதி. கீழ் வீட்டுக் கடிகாரக்காரர் படியேறி வந்து, மேல நீங்க நாயக் கூப்புட்டா கீழ எனக்குத் திருகாணி பறக்குது என்று கத்துவார். அப்பா பழக்கதோஷத்தில் தான் வேலை பார்க்கும் டிப்போவில் மேலாளர் அறை வாசலிலும் இரண்டு மிதி மிதிக்க, சண்டைக்கு வந்துவிட்டார் என்று அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். பள்ளிக்கூடத்தில் உன் வகுப்பு வாசலில் நீ மிதித்தாய். நாய்க்காரி என்றார்கள். அழுதுகொண்டு வந்தாய். அந்தக் கூச்சம்தான் இப்போதும் உன்னை என்னிடம் கேட்க வைக்கிறது, தெரியும். அவங்க கெடக்கறாங்க விடு என்று அன்றைக்கு நான் சொன்னது போதாது. தூங்குகிற உயிரைத் திடுக்கிட வைக்காமல் எழுப்ப உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்க்கப்போனால் நாங்கள்தான் உன்னிடம் கற்றோம். அதை நீ மேடையில் சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.

துரைக்கு இப்போது கண்ணும் மங்கிவிட்டது. தரை மட்டும் மிச்சம். உன் செய்தியை அப்பா கடிகாரக்காரரிடம் சொல்லாமல் இருப்பாரா. மனிதர் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியோடு மேலே வந்தார். வாசலில் நின்று, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவரே இரண்டு மிதி மிதித்தார். துரை எழுந்து போய் அவர் செருப்பை முகர்ந்தது. நம்ம பொண்ணு பெரிய ஆளாயிட்டாளாமே என்று அதனிடம்தான் சொன்னார், எங்களிடம் இல்லை.

தொட்டதெல்லாம் துலங்கி நன்றாக இரு. திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு போய் நிற்காதே. குரல் நடுங்கினால் பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொள்.

நாய்க்காரியின்
அம்மா

கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு மிதி மிதித்தேன். துரை வரவில்லை. மறுபடி மிதித்தேன். வந்தது. இருவருமாகத் தபால்பெட்டிக்குப் போகிறோம்.