நாலாம், ஐந்தாம் அத்தியாயங்கள்

எஸ்பியர், 25 ஜூன் 2009

அன்புள்ள பெர்னில்லே,

விடுமுறையில் இருப்பவளைக் கடிதம் போட்டுத் தொந்தரவு செய்கிறேன், பொறுத்துக்கொள். தொலைபேசி என்றால் வழக்கம்போல் ‘பரவாயில்லை’ என்று சொல்லி வைத்துவிடுவேன்.

உன் பன்னிரண்டுக்கு, அந்த முழு மதிப்பெண்ணுக்கு, வாழ்த்து. எனக்கு 00. பொருளாதாரப் பட்டத்துக்கு நாம் சேர்ந்து எழுதிய ஆய்வேடு ஒன்றுதான் எனக்குப் பாக்கி இருந்தது.

தேர்வறையில் நாலாம், ஐந்தாம் அத்தியாயங்களின் மீன் ஏல விலைக் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். வெளியூர்த் தேர்வாளர் கையை உயர்த்தினார். “அது உங்க தோழி எழுதினதுன்னு முதல் பக்கத்துல போட்டிருக்கே. உங்க பகுதியை மட்டும் சொல்லுங்க.” என் பகுதி என்று நீ போட்டிருந்தது முன்னுரையும் நூற்பட்டியலும். நூற்பட்டியலைப் பற்றி ஒருத்தி எத்தனை நிமிடம் பேச முடியும்?

அப்பா துறைமுகத்தில் லீவு போட்டுவிட்டு, கொண்டாடக் காகிதக் கொடியும் கேக்குமாகத் தேர்வறை வாசலில் நின்றார். மதிப்பெண்ணைச் சொன்னேன். “பெயிலுக்கு ஒரு சைபர் பத்தாதா, ரெண்டு போடணுமா?” என்று கேட்டுவிட்டுக் கேக்கை மறுபடி கட்டினார். ஊர் திரும்பும் ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

நாலாம், ஐந்தாம் அத்தியாயங்களுக்கு நேரே உன் பெயர் எப்படி வந்தது?

மைக்கன்

*

ஸ்காகன், 29 ஜூன்

மைக், என் தங்கமே,

உன் கடிதம் படிச்சு எனக்குச் சாப்பாடே இறங்கலடி. ஆனா கோவிச்சுக்காதே, அந்தப் பக்கத்தை நிரப்புறப்ப உன்னைக் கேட்டேனே? ‘சேர்ந்துதானே எழுதினோம், எதையாவது போடு’ன்னு நீதானே சொன்னே? ஆபீஸ் மூடக் கால் மணி நேரம்தான் இருந்தது. கணக்கெல்லாம் நீ போட்டதுன்னு எனக்குத் தெரியாதா? உனக்குப் பேச வராது, எனக்கு வரும். பேச வேண்டியது என் பேர்ல இருக்கட்டும்னு நினைச்சேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டுல மறுதேர்வு இருக்குல்ல, உனக்கு அது ஊதித் தள்ளுற வேலை. முறையீடு கிறையீடுன்னு போகாதே, பேர் கெடும்னு எங்கப்பா சொல்றார். இங்க கடல் என்ன நீலம் தெரியுமா, ஒரு வாரம் வாயேன்.

உன் பெர்னில்லே

*

எஸ்பியர், 2 ஜூலை

பெர்னில்லே,

‘எதையாவது போடு’ என்றது நான்தான். ‘நான் செய்தேன்’ என்று சொல்லிக்கொள்பவளைக் கண்டால் இங்கே எல்லோரும் முகம் சுளிப்பார்கள், அப்படியே நானும் வளர்ந்துவிட்டேன். அது என் பிழை. எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை.

ஒன்பது வாரம் ஏலக்கூடத்தில் நின்று விலை குறித்தவள் நான். நீ ஒருநாள் வந்தாய், நாற்றம் தாங்கவில்லை என்று காரிலேயே உட்கார்ந்திருந்தாய். மறுதேர்விலும் அதே பக்கம்தான் அவர்கள் முன்னால் இருக்கும், அதே நூற்பட்டியலைத்தான் கேட்பார்கள். செப்டம்பர் முதல் தேதி பட்டத்தோடு போய் நிற்காவிட்டால் எனக்குக் கிடைத்த கோபன்ஹேகன் வேலை வேறு யாருக்கோ. பேர் கெடுமாம். அந்த அத்தியாயங்களில் என் பேரே இல்லை, எது கெடும்?

எனக்குப் பேச வராது என்று மூன்று வருடமாகச் சொல்கிறாய். நீ பேசி முடித்தால்தானே எனக்கு வரும்?

உன் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டலாம் என்கிறார் அப்பா. காட்ட மாட்டேன். தோழி எனக்கு எழுதியது அது, ஆபீசுக்கு எழுதியது அல்ல.

இத்துடன், யார் எதை எழுதினோம் என்று திருத்திய புதிய முதல் பக்கம் ஒன்று வைத்திருக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தை நீ நன்றாகவே எழுதியிருந்தாய், அது உன் பெயரில்தான் இருக்கிறது. நான் கையெழுத்திட்டுவிட்டேன். நீயும் இட்டால் உன் பன்னிரண்டு போகும், மறுபடி தேர்வாளர் எதிரில் உட்கார வேண்டிவரும். தெரிந்தேதான் கேட்கிறேன். முறையிடக் கடைசி நாள் திங்கட்கிழமை. அஞ்சலில் அனுப்பாதே. நேரில் வா, கையெழுத்துப் போட்டு, ஆபீசில் என் பக்கத்தில் நின்று, நீயே கொடு.

மைக்கன் தீகசன்