ரியாஸ் பதுக்கிய புத்தகம்

என் பிரியமுள்ள ரியாஸ் மச்சானுக்கு,

உன் வேலை இப்போது எனக்கு வந்திருக்கிறது. நம் பல்கலைக்கழக நூலகத்தில் மாணவ உதவியாளர். நீ போனபிறகு இடம் காலி என்று பலகையில் ஒட்டினார்கள். உன்னை நினைத்து ரொம்ப நாள் தயங்கினேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். தயங்கவில்லை, அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வந்து பஸ் மாறித் தாம்பரம் வருகிற செலவுக்காவது ஆகும் இல்லையா?

உனக்கு வேலை சொன்ன அதே கலாவதி மேடம்தான் எனக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ ரியாஸோட ஃப்ரெண்டா? அவன மாதிரி பேசிக்கிட்டே இருப்பியா?"

"மாட்டேன் மேடம்."

"அப்ப சரி. நாளைலேர்ந்து வா."

வேலை உனக்குத் தெரியாததா? வகுப்பு முடிந்ததும் போய், திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, முதுகில் ஒட்டியிருக்கும் நம்பரைப் பார்த்து அலமாரியில் வைக்க வேண்டும். முதல் வாரம் என் கண்ணில் வெறும் நம்பர்தான் ஓடியது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் சட்டைக் காலரில்கூட நம்பரைத் தேடினேன். உன் இடத்தில் நிற்கிறோமே என்ற எண்ணம் வரவில்லையா என்று கேட்பாய். வந்தது. ஆனால் வண்டியின் ஒரு சக்கரம் திரும்புவதே இல்லை, அதை இழுத்து நேராக்குவதற்குள் அந்த எண்ணம் போய்விடும். அந்தச் சக்கரத்தைப் பற்றி நீ ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

நம் பசங்களின் பதுக்கல் புத்தி எவ்வளவு பெரியது என்பதும் இங்கே வந்துதான் தெரிந்தது. பரீட்சை நெருங்கினால் தனக்கு வேண்டிய புத்தகத்தை வேறு யாரும் எடுக்காதபடி சம்பந்தமில்லாத அலமாரியில் செருகிவிடுகிறார்கள். தமிழ் இலக்கணத்துக்கு நடுவே வேதியியல், யோகாசனத்துக்குப் பின்னால் கம்பெனிச் சட்டம். எடுத்து எடுத்து வைக்கிறேன், மறுநாளே வேறொன்று கிடக்கிறது.

நீயும் அந்த ஜாதிதானே. பொருளாதாரக் கணிதப் புத்தகம், வெளியே கொடுப்பதற்கு இருந்ததே ஒரு பிரதி. அதை எனக்காக ஒளித்து வைத்தாய். காய்ச்சலோடு வீட்டில் படுத்துக்கொண்டு போனில் சொன்னாயே, "புக்கு சேஃபா கீது மச்சான். நீ தேடினா உடனே கெடைச்சிடும். இல்லாட்டி நான் வந்து எடுத்துத் தர்றேன்." எங்கே என்று நான் கேட்கவில்லை. நாலு நாளில் வந்துவிடுவாய் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். அந்தக் காய்ச்சல் உன்னை விடவில்லை. புத்தகம் இல்லாமல் பரீட்சை எழுதி, உன் புண்ணியத்தில் அந்தப் பேப்பரில் எனக்கு அரியர்.

இதெல்லாம் பழைய கதை. புதிய கதை, செமஸ்டர் லீவில் நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு நடந்ததுதான். அந்தப் புத்தகம் யார் பெயரிலும் இல்லை, அலமாரியிலும் இல்லை.

"இது ரியாஸ் பாத்துக்கிட்ட ரேக்காச்சே," என்றார் மேடம். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பானோ?"

"மாட்டான் மேடம். இங்கதான் எங்கயோ வெச்சிருக்கான். எங்கிட்டயே சொன்னான்."

"எங்கன்னு சொன்னானா?"

"சொல்லல."

"தப்பா சொல்லலப்பா. பசங்க எடுத்துட்டுப் போறது உண்டுதானே. அவங்க அம்மாவ ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறேன்."

வேண்டாம் மேடம், நான் தேடித் தருகிறேன் என்றேன். எத்தனை ஆயிரம் புத்தகத்தில் தேடுவாய் என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் பையனைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போகிற போனா அது?

மறுநாள் உன் அம்மா வந்தார்கள். பல்லாவரத்திலிருந்து ரயிலேறி, ஒரு பெரிய கட்டைப்பை நிறையப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வீட்டில் இருந்த உன் புத்தகம் மொத்தமும் அதில் இருந்தது. பள்ளிக்கூட அட்லஸ், பேங்க் பரீட்சை கைடு, அட்டை போன டிக்ஷனரி. ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்து மேசைமேல் வைத்தார்கள்.

"உங்க புக்கு இதுல கீதா பாருங்கம்மா. எனக்குப் படிக்கத் தெரியாது."

மேடத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உக்காருங்கம்மா, டீ சொல்லவா?" என்றார்.

"வாணாம்மா. எங்கள்ல மவுத்தானவங்க பேர்ல அடுத்தவங்க பொருள் நிக்கக் கூடாது. அவனுக்குத்தான் பாரம். எடுத்திருந்தான்னா சொல்லிடுங்க, இல்லாட்டி அதே புக்கு வாங்கியாந்து குடுத்துடறேன்."

மேடம் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். ஒன்றிலும் நூலக முத்திரை இல்லை. "ஒண்ணும் இல்லம்மா" என்றார். உன் அம்மாவின் முகம் தெளியவில்லை. வீட்டில் வேறெங்காவது இருக்கிறதோ என்று யோசிக்கிற முகமாகவே இருந்தது. போகும்போது வண்டியோடு நின்ற என்னைப் பார்த்தார்கள். "இப்ப நீதான் இங்க வேலை பாக்கறியா செல்வம்? நல்லதுப்பா," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். நான் தூக்கி வருகிறேன் என்றதற்கு விடவில்லை.

அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் வந்தது மச்சான். செத்துப்போனவன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் வந்தது.

கோபத்தோடுதான் தேடினேன். கண்ட இடத்தில் தேடிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. வண்டி தள்ளிப் பழகியதில் ஒன்றைக் கவனித்திருந்தேன். சில அலமாரிகளுக்கு வண்டி போவதே இல்லை. அங்கிருந்து யாராவது எடுத்தால்தானே திரும்பி வரும்? அந்த வண்டியைத் தள்ளிய நீயும் இதைக் கவனித்திருப்பாய். அப்படிப்பட்ட அலமாரிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைத்தேன், மீன்வளம்.

அங்கேதான் இருந்தது. வலைகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்துக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி.

உன் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. செல்வம் கோவளத்துக்காரன், நூலகத்துக்குள் நுழைந்தால் முதலில் மீன் அலமாரியைத்தான் பார்ப்பான், அதுதானே? அட மக்கு மச்சான். எங்கள் ஆட்கள் எவனாவது புத்தகம் பார்த்து வலை போடுவானா? விடிந்தால் அப்பாவின் படகையும், மணலில் நடக்கிற ஏலத்தையும், அம்மாவின் கூடையையும் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறவன் நான். படிக்கிற இடத்திலாவது மீன் வேண்டாம் என்று அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. இத்தனை நாள் பழகியும் உனக்கு இது தெரியவில்லையே. சிரித்துக்கொண்டே அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எடுத்துக்கொண்டுபோய் மேடத்தின் முன்னால் வைத்தேன்.

"எனக்காக ஒளிச்சு வெச்சிருக்கான் மேடம். திருடல."

"ஒளிச்சு வெக்கறதும் தப்புதான்."

"தப்புதான் மேடம்."

அவர் புத்தகத்தைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். "அவங்க அம்மாவுக்கு நீயே சொல்லிடுப்பா. எனக்கு நாக்கு எழும்பாது," என்றார்.

புத்தகத்தை அதன் நம்பரில் வைத்தேன். மறுநாளே முதலாண்டுப் பெண் ஒருத்தி எடுத்துப்போய்விட்டாள். அவள் கொடுத்தபிறகுதான் நான் அரியருக்குப் படிக்க வேண்டும்.

உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "கெடைச்சிடுச்சும்மா. லைப்ரரிக்குள்ளயேதான் இருந்துது. அவன் வெளியவே எடுத்துட்டுப் போகல," என்றேன்.

மெதுவாகச் சொன்னார்கள். "அல்ஹம்துலில்லாஹ். வூடு பூராத் தேடிட்டேன்ப்பா. பரண்மேலகூட ஏறிப் பாத்துட்டேன். அவன் எடுத்திருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனாலும் கெடைச்சிடக் கூடாது, கெடைச்சிடக் கூடாதுன்னு துஆ கேட்டுக்கினேதான் தேடினேன்."

சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

மச்சான், ஒரு வாக்குத் தருகிறேன். நீ விட்டுப்போன எதைப் பற்றி யார் என்ன கேட்டாலும் இனி அந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். கலாவதி மேடத்திடமும் சொல்லிவைத்துவிட்டேன். உன் அம்மா இன்னொருமுறை அப்படித் தேட விடமாட்டேன்.

உன் மச்சான்,
செல்வம்